பாதியில் நிற்கும் கைவேலைகள்: எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடுவது?

ஓரத்தையல் | செவ்வாய், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கைவேலைப் பகுதியில் நாம் எல்லோரும் முடித்தவற்றின் படங்களைத்தான் போடுகிறோம். முடிக்காதவற்றுக்கும் ஒரு இழை இருக்கட்டுமே என்று தொடங்குகிறேன்.

என் வீட்டு நிலவரம் இது. கைப்பிடி போடாத, சிவன் கண் பின்னல் போட்ட வயர் கூடை. ஒரு கை மட்டும் முடிந்த ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) பிளவுஸ். கல் ஒட்டி, மக்கு (மேடு எழுப்பும் சாக்குக் கலவை) வைத்து, ரேக்கு (தங்கத் தாள்) ஒட்டாமல் நிற்கும் தஞ்சாவூர் கிருஷ்ணர் ஓவியம். பழைய பாலிஷைச் சுரண்டியதோடு விட்ட தேக்கு ஊஞ்சல் பலகை. சமையலறைச் சுவரில் பட்டி பார்த்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை. "இந்த வருடம் கட்டாயம்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லி எடுத்து வைக்கிற, வர்ணம் உதிர்ந்த கொலு பொம்மைகள். இது போக ஒரு கட்டைப்பை நிறைய குரோஷே சதுரங்கள்.

ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றவை நினைவுக்கு வருகின்றன. கடைசியில் எதையும் எடுக்காமல், கைப்பேசியில் யாரோ எதையோ அழகாக முடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அலுவலகம், பிள்ளையின் பள்ளி, மாமியாரின் மருந்து என்று போனது போக இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. நீங்கள் எல்லாம் எப்படி உற்சாகம் குறையாமல் பார்த்துக்கொள்கிறீர்கள்? "ஒவ்வொன்றாக முடி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த அறிவுரை வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

மொட்டைமாடி | செவ்வாய், இரவு 10.41

என் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதினீர்களா? ஊஞ்சலுக்குப் பதில் எனக்கு ஒரு பழைய சைக்கிள், அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதைக்கு வருகைப் பதிவு. பதில் தெரிந்தவர்கள் வரட்டும்.

கோவைப்பட்டறை | புதன், காலை 6.15

நான் பம்ப் தயாரிக்கும் இடத்தில் உற்பத்தித் திட்டமிடல் பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வீட்டில் மர வேலை. எங்கள் துறையில் லிட்டில் விதி என்று ஒன்று உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் அதை நிரூபித்தார். உள்ளே கிடக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை என்பது, வேலைகள் உள்ளே வரும் வேகத்தை ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரிக் காலத்தால் பெருக்கினால் கிடைப்பது.

வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மாதம் 1 பொருள் முடிகிறது, 1 புதிதாகத் தொடங்குகிறது, எப்போதும் 12 பொருள் திறந்து கிடக்கிறது என்றால், தொடங்கிய பொருள் ஒன்று முடிய சராசரியாக ஒரு வருடம் ஆகும். அதே கை, அதே வேகம், திறந்து கிடப்பது 4 மட்டும் என்றால் 4 மாதம். இந்தக் கணக்கில் உற்சாகம் எங்கேயுமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பான் அட்டை முறையும் ஏறக்குறைய இதுதான். அட்டை வந்தால்தான் அடுத்த உருப்படி. நான் வீட்டில் மூன்று துணிப்பை வைத்திருக்கிறேன். பையில் இருப்பது நடப்பு வேலை. நாலாவதைத் தொடங்க வேண்டுமானால் ஒரு பை காலியாக வேண்டும். என் வீட்டம்மா கூட "பை காலியா?" என்று கேட்கப் பழகிவிட்டார்.

ரேக்கு | புதன், காலை 9.50

ஐயா, கணக்கு சரி. ஆனால் தொழிற்சாலைக் கணக்கை அப்படியே கைவேலைக்குப் போட முடியாது. எங்களுக்குக் காத்திருப்பதே வேலையில் பாதி.

தஞ்சாவூர் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் துணி ஒட்டினால் காய வேண்டும். அதன் மேல் சாக் பவுடரும் கோந்தும் கலந்து பூசினால் காய வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து மறுபூச்சு, மறுபடி காய வேண்டும். மக்கை அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிமனாக வைத்தாலோ, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தாலோ வெடிப்பு விடும். அது காய்கிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா? அந்த நேரத்தில்தான் கூடையோ தையலோ நடக்கும். சிமெண்ட் தொட்டி வார்ப்பவர்களைக் கேளுங்கள், ஒரு வாரமாவது ஈரம் வற்றாமல் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு வேலை வைத்திருப்பவர் அந்த வாரம் முழுவதும் சும்மா இருப்பார், அல்லது புதிதாக ஒன்றைத் தொடங்குவார். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

எனவே எண்ணிக்கையைக் குறைப்பதை விட, சேர்க்கையைப் பார்க்கச் சொல்வேன். காயப்போடும் வேலை ஒன்று. மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தபடி செய்வது ஒன்று. தலை முழுவதும் அதிலேயே இருக்க வேண்டிய வேலை ஒன்று. ஓரத்தையல் தோழி, உங்கள் பட்டியலைப் பாருங்கள். ஆரி, கூடைக் கைப்பிடி, ரேக்கு மூன்றுமே தலை வேண்டிய வேலை. இரவு பத்து மணிக்கு மேல் இவற்றில் எதையும் கை தொடாது. சதுரங்களை மட்டும் தொடும். அதையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள்.

கோவைப்பட்டறை | புதன், காலை 10.30

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்கிற வேலையும் ஒரு பையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை எண்ணாமல் விட்டால் "எல்லாமே காய்ந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரேக்கு | புதன், காலை 10.44

சரி ஐயா, அதை எண்ணிக்கொள்வோம். மூன்றை ஐந்தாக்குங்கள், சமாதானம்.

தெப்பக்குளம் | புதன், மதியம் 1.05

நான் கைவேலை செய்பவளில்லை, உளவியல் படித்தவள். வீட்டில் அக்கா செய்வதைப் பார்த்து இந்த இழைக்குள் வந்தேன். "மற்றவை நினைவுக்கு வருகின்றன" என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி.

1927-ல் ப்ளூமா சைகார்னிக் என்ற ஆய்வாளர், பெர்லினில் குர்ட் லெவினிடம் படித்தபோது, பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்தவற்றை விட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். ஆர்டர் எடுக்கும் உணவக ஊழியர்களைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. அதே குழுவில் இருந்த மரியா ஓவ்சியான்கினா கண்டதுதான் உங்களுக்கு அதிகம் உதவும். நடுவில் தடுத்து நிறுத்திய வேலையை, யாரும் சொல்லாமலேயே மனிதர்கள் திரும்ப எடுக்கப் பார்க்கிறார்கள். அதாவது வேலை கண் முன்னால் இருந்து, தொடங்கும் இடமும் தெரிந்தால் கை தானாகப் போகும்.

இன்னொன்றும் உண்டு. 2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் செய்த சோதனைகளில், முடிக்காத வேலை மனதில் குறுக்கே வந்து தொந்தரவு செய்வது, அதை எப்போது எப்படிச் செய்வேன் என்று குறிப்பாகத் திட்டமிட்டவர்களிடம் அடங்கிவிட்டது. வேலை முடியவில்லை, திட்டம் மட்டும்தான். எல்லாவற்றையும் முடித்தால்தான் நிம்மதி என்று நினைக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் "அடுத்து இது, இன்ன நாள்" என்று ஒரு வரி இருந்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

மொட்டைமாடி | புதன், மதியம் 1.30

என் சைக்கிள் கண் முன்னால்தான் இருக்கிறது, வராந்தாவிலேயே. கை தானாகப் போகவில்லை, துணி காயப்போடத்தான் போகிறது.

தெப்பக்குளம் | புதன், மதியம் 1.42

தொடங்கும் இடம் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிளுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும்?

மொட்டைமாடி | புதன், மதியம் 1.50

... செயின் எந்த அளவு வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டும். சரி, புரிகிறது.

குஞ்சம்அக்கா | புதன், மாலை 4.25

நான் புடவைக்குக் குஞ்சம் கட்டுவது, ஆரி பிளவுஸ் இரண்டும் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். ஆர்டர் துணி என்றைக்கும் பாதியில் நின்றதில்லை, என் சொந்தப் புடவைதான் நிற்கும். அதனால் உற்சாகம் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. முகூர்த்த நாள் வந்தால் உற்சாகம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

என்னிடம் கற்க வரும் பெண்கள் பாதியில் விட்டவற்றைக் கொண்டுவந்து காட்டுவார்கள். பார்த்ததும் ஒன்று தெரியும். சோம்பேறித்தனத்தால் நின்றது ரொம்பக் குறைவு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும், அந்த இடத்தில் ஏதோ ஒன்று இடிக்கும். கூடை எப்போதும் கைப்பிடியில் நிற்கும், ஏனென்றால் அடியும் சுவரும் ஒரே முடிச்சைத் திரும்பத் திரும்பப் போடுவது, கைப்பிடி வேறு முறை. அது தெரியாமல் நிற்கிறது. சிலருக்குத் தெரியும், ஆனால் வயர் ரோல் தீர்ந்துவிட்டது. மறுபடி வாங்கினால் அதே நிறம் வராது, கொஞ்சமாவது மாறும். அதனால் நிற்கிறது. தெரியாததற்கு மருந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் அரை மணி நேரம் உட்கார்வது. ரோல் தீர்ந்ததற்கு மருந்து, ஒத்த நிறம் தேடி அலையாமல் வேண்டுமென்றே மாற்று நிறத்தில் கைப்பிடி போடுவது. பச்சைக் கூடைக்கு மஞ்சள் கைப்பிடி போட்டால் யாரும் வயர் தீர்ந்தது என்று நினைக்க மாட்டார்கள்.

ஆரி பிளவுஸ் இரண்டாவது கையில் நிற்கும். இது தெரியாமலோ பொருள் இல்லாமலோ அல்ல, அலுப்பு. முதல் கையில் ஒவ்வொரு பூவும் புதிது. இரண்டாவது கையில் எல்லாம் செய்து முடித்த பூ. இதற்கு ஒரே வழி முதல் கையைத் தனியாக முடிக்காமல் இருப்பதுதான். சட்டத்தில் துணி கட்டும்போதே இரண்டு கையும் பக்கம் பக்கமாக வரும்படி வரைந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சங்கிலித் தையலில் வெளிக்கோடு, அப்புறம் இரண்டுக்கும் ஜர்தோசி (உலோகச் சுருள் வேலை), அப்புறம் இரண்டுக்கும் மணி. கடைசி வரை எந்தக் கையும் முடிந்திருக்காது, அதனால் எதுவும் பழையதாகவும் ஆகாது. ஓரத்தையல், உனக்கு இது இப்போது பயன்படாது, ஒரு கை முடிந்துவிட்டது. உனக்கு நான் சொல்வது, இரண்டாவது கையில் மணி வேலையை முதலில் செய். முறை தவறு என்று சொல்வார்கள். பரவாயில்லை, பளிச்சென்று தெரிய ஆரம்பித்தால் மீதிக்குக் கை வரும்.

இன்னும் ஒன்று. வேலை நடக்காத நாட்களில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியபடியே விடாதே. தளர்ந்து போகும், சட்டத்தின் ஓரத்தில் அழுக்குக் கோடு விழும். கழற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி, எந்த ஊசி, எந்த நூல், எந்தப் பூ வரை வந்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வை.

ஓரத்தையல் | புதன், இரவு 9.55

அக்கா, கூடை விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே. வயர் இருக்கிறது, எனக்குக் கைப்பிடி பின்னத் தெரியாது. தெரியாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை, "நேரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மற்றவற்றையும் இதே போல யோசித்துப் பார்த்தேன். கிருஷ்ணர் நிற்பது பயத்தால். ரேக்கு விலை ஏறிவிட்டது, கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று கை நடுங்குகிறது. ஊஞ்சல் பலகை நிற்பது முடிவெடுக்காததால். நான் பழைய அரக்குப் பாலிஷே வேண்டும் என்கிறேன், இவர் பளபளவென்று வேறு ஏதாவது அடிக்கலாம் என்கிறார். சுவருக்குக் காரணமே தெரியவில்லை. பிரைமர் டப்பா கூட வாங்கி வைத்திருக்கிறது.

ரேக்கு | வியாழன், காலை 8.10

கிருஷ்ணருக்கு நான் உத்தரவாதம். ஒரு சின்னப் பலகைத் துண்டில் மக்கு வைத்து, வெட்டி மிஞ்சிய ரேக்குத் துணுக்குகளை ஒட்டிப் பழகுங்கள். துணுக்கு இல்லையென்றால் தங்க நிறத் தாள் போதும். கோந்து எவ்வளவு ஈரமாக இருக்கும்போது தாள் வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அங்கே கற்க வேண்டியது. மேட்டின் மேல் தாளை வைத்து, பஞ்சால் மெதுவாக அழுத்தி, பள்ளங்களுக்குள் இறக்குங்கள். கிழிந்தால் அந்த இடத்தில் மேலே ஒரு துண்டு ஒட்டலாம், தெரியாது. கோயில் சன்னதியில் நிற்கிற படங்களிலும் ஒட்டுப்போட்ட இடங்கள் உண்டு.

பலகையை மட்டும் ஈரம் ஏறாத இடத்தில் துணி சுற்றி வையுங்கள். சாக்கும் கோந்தும் ஆயிற்றே.

கரிசல் | வியாழன், காலை 11.20

எல்லோரும் முடிப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் கழுகுமலையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்திருக்கிறார்கள். விமானம் முழுவதும் முடிந்து, மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி வரை அவ்வளவு நுணுக்கம். அடிப்பகுதி அப்படியே நிற்கிறது. மாமல்லபுரத்திலும் பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம் எல்லாம் முடியாதவைதான். அவை முடியாமல் நின்றதால்தான் எப்படிச் செதுக்கினார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. பொழுதுபோக்குக்குச் செய்வதற்கும் எதற்கு இவ்வளவு கணக்கு, கான்பான் எல்லாம்? செய்யும்போது சந்தோஷமாக இருந்ததா, போதும்.

நூற்கண்டு | வியாழன், காலை 11.48

சகோ, பாண்டிய ராஜா பாறையை மலையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாமியார் பெருக்கும்போது விளக்குமாறு இடிக்கிறது.

கரிசல் | வியாழன், மதியம் 12.05

அதுவும் நியாயம்தான் :) ஆனாலும் ஒன்று. மேலிருந்து கீழே வந்ததால், எந்த இடத்தில் விட்டாலும் மேலே இருப்பது முழுசாக இருக்கிறது. நாம் செய்வதையும் அப்படி அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. சதுரங்கள் போதிய அளவு சேராவிட்டால் போர்வை வேண்டாம், மெத்தை உறையாக்குங்கள். அது போதாவிட்டால் மேசை விரிப்பு. விட்ட இடத்திலேயே அது ஒரு பொருளாக முடியட்டும்.

நூற்கண்டு | வியாழன், மதியம் 12.20

இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மழலைப் போர்வையாகத் தொடங்கிய ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தை இப்போது யுகேஜி. பொம்மைக்குப் போர்த்த சரியாக இருக்கும்.

பனங்குருத்து | வியாழன், மாலை 6.40

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் பனையோலையில் பெட்டி, கடகம், சுளகு எல்லாம் இழைக்கிறனாங்கள். எங்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஏனெண்டால் ஓலை காத்திருக்காது. குருத்தோலையை வார்ந்து, பதமாக நனைத்து எடுத்தால் அந்தப் பதம் இருக்கும்போதே இழைக்க வேண்டும். விட்டால் காய்ந்து முறுகிவிடும், திரும்ப நனைக்க வேண்டும், திரும்பத் திரும்ப நனைத்தால் நிறம் கறுக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அம்மம்மா அன்றைக்கு இழைக்கக்கூடிய அளவு ஓலையைத்தான் நனைப்பா. கூட நனைத்தால் பேச்சு விழும்.

வயரும் கம்பளி நூலும் எத்தனை வருடமும் கெடாமல் இருக்கும். அதுதான் உங்களுக்குக் கரைச்சல் எண்டு நினைக்கிறேன். முழு நூலையும் வெளியில் எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துச் செய்து பாருங்கோ.

குஞ்சம்அக்கா | வியாழன், மாலை 7.15

தங்கச்சி சொன்னதில்தான் எதை முதலில் எடுப்பது என்பதற்குப் பதில் இருக்கிறது. காத்திருந்தால் கெடுவது எது, கெடாதது எது என்று பிரித்துவிட்டால் வரிசை தானாக வந்துவிடும். பிடித்தது முதலில் என்றால் எல்லாமே பிடித்ததுதான், அதனால்தானே தொடங்கினோம்.

ஓரத்தையல், உன் பட்டியலில் கெட்டுக்கொண்டே இருப்பது சமையலறைச் சுவர். பட்டி பார்த்து பிரைமர் அடிக்காமல் விட்டால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை முழுவதும் அதில் ஊறும். அப்புறம் எத்தனை பூச்சு அடித்தாலும் மஞ்சள் கறை தூக்கிக் காட்டும், சுரண்டி மறுபடி பட்டி பார்க்க வேண்டியதுதான். பிரைமர் டப்பா வாங்கியாயிற்று என்கிறாய், வீட்டுக்காரரையும் ஒரு தூரிகை பிடிக்கச் சொல். குரோஷே சதுரம் பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும், அந்துருண்டை மட்டும் போட்டு வை.

மரப்பொடி | வியாழன், இரவு 8.30

ஊஞ்சல் பலகை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே. நான் தச்சு வேலை பழகியவன். அக்கா சொன்ன கெடுவது, கெடாதது கணக்கோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரக்குப் பாலிஷ் ஸ்பிரிட்டில் கரைத்து அடிப்பது. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அடித்தால் மேலே வெள்ளையாகப் பனி படர்ந்தது போல ஆகிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் பாலிஷ் வேலையைத் தொடாதீர்கள். தொடாமல் இருப்பதற்கு வருத்தமும் படாதீர்கள், அது பாதியில் நிற்கவில்லை, பருவத்துக்குக் காத்திருக்கிறது.

என் வீட்டில் வருடத்துக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். மாடி விரிசல், ஒழுகல் எல்லாம் செப்டம்பருக்குள். கொலு பொம்மை நவராத்திரிக்கு முன்னால். அது தானாக முடியும், ஏனென்றால் படி கட்டும் நாளைத் தள்ளிப் போட முடியாது. மழை மாதங்களில் உட்கார்ந்து செய்யும் வேலை மட்டும். சுவர் பெயிண்ட் போகிக்கு முன், மழை சரியாக விட்டிருந்தால் மட்டும். தை, மாசியில் மர வேலை, பாலிஷ். சித்திரை, வைகாசியில் ஒன்றும் செய்வதில்லை, மின்விசிறிக்குக் கீழே கிடப்பதோடு சரி.

பலகையைத் தேய்ப்பது மட்டும் இப்போதே செய்யலாம். 80 எண் உப்புத்தாள், அப்புறம் 120, முடிவில் 220. மர ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்குப் பின்னால்தான் தெரியும். தேய்த்த பலகையைத் துணி சுற்றிப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். அரக்கா, பளபளப்பா என்ற சண்டைக்கு, பலகையின் அடிப்பக்கத்தில் இரண்டையும் ஓரடி அகலத்துக்கு அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாயால் பேசித் தீராது.

கொலு பொம்மை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய மண் பொம்மையை ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள், அந்தக் காலத்து வர்ணம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த தூரிகையால் தூசி தட்டி, உதிர்ந்த இடத்துக்கு மட்டும் வர்ணம் வையுங்கள். முழுப் பொம்மையையும் அடிக்கப் போனால் முகம் எழுதும் இடத்தில் நிற்பீர்கள். கண் எழுதுவது பண்ருட்டிக்காரர்களுக்கே வந்த கலை.

கோவைப்பட்டறை | வெள்ளி, காலை 6.05

தம்பி சொன்ன பருவக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். என் மூன்று பையில் பருவம் வராத வேலையை எண்ண மாட்டேன்.

விடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. தலைப்பில் அது இருக்கிறதே. பணம் போட்டாயிற்று என்பதற்காகவே ஒன்றைத் தொடர்வது பொதுவான குணம். 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் இருவரும் ஒரு பருவத்தின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்துச் சீட்டு வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். என் அலமாரியில் கிடந்த ரேடியோப் பெட்டிக் கூட்டை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். தேக்கு வாங்கிய விலை நினைவில் இருந்தது, ரேடியோ கேட்கும் ஆசை போய்விட்டிருந்தது. பலகையைப் பிரித்துச் சாவி மாட்டும் சட்டமாக்கினேன்.

தாழம்பூ | வெள்ளி, காலை 10.35

ஐயா, பணத்தை விடுவது எளிது. என்னிடம் இருப்பது அம்மா எனக்காகச் சேர்த்து வைத்த பட்டுப் பாவாடைத் துண்டுகள். என் சின்ன வயதுப் பாவாடைகள் எல்லாவற்றிலிருந்தும் சதுரமாக வெட்டி, ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். அம்மா இப்போது இல்லை. முடிக்கவும் முடியவில்லை, தூக்கிக் கொடுக்கவும் முடியவில்லை. இது எந்தக் கணக்கில் வரும்?

கோவைப்பட்டறை | வெள்ளி, காலை 10.50

எந்தக் கணக்கிலும் வராது அம்மா. அதற்குப் பை கிடையாது. உங்களிடமே இருக்கட்டும்.

குஞ்சம்அக்கா | வெள்ளி, காலை 11.30

இருக்கட்டும் என்பது சரிதான். ஆனால் பட்டுத் துண்டை மடித்த மடிப்பிலேயே வைத்தால் மடிப்போடு இற்றுவிடும், அது கெடும் பட்டியலைச் சேர்ந்தது. அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி, நிழலில் காற்றாட விட்டு வையம்மா. அந்துருண்டை நேராகப் பட்டின் மேல் படக் கூடாது, துணியில் கட்டிப் போடு. எங்கே நிற்கிறது அது? வெட்டியாயிற்றா, கோத்தாயிற்றா?

தாழம்பூ | வெள்ளி, காலை 11.52

வெட்டியாயிற்று அக்கா. எந்தச் சதுரம் எங்கே என்று தரையில் பரப்பிப் படமும் எடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் இயந்திரம் இல்லை. கையால் கோத்தால் பட்டு வழுக்கிக்கொண்டு கோணலாகப் போகிறது. தையற்கடையில் கேட்டேன். சின்னச் சின்னத் துண்டு, மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நூற்கண்டு | வெள்ளி, மதியம் 12.10

தாழம்பூ, நீங்கள் சென்னையா? முன்பு ஒரு இழையில் மாம்பலம் பக்கம் என்று எழுதியது போல ஞாபகம். என்னிடம் இயந்திரம் இருக்கிறது, துண்டு கோக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடியில் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்தால் பட்டு வழுக்காது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது. வாங்கிய புடவைகள் ஃபால்ஸ் இல்லாமல் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. உங்களுக்குக் கைத்தையல் வருமா?

தாழம்பூ | வெள்ளி, மதியம் 12.18

வரும்! ஃபால்ஸ் தைப்பதெல்லாம் டிவி பார்த்துக்கொண்டே முடித்துவிடுவேன். நிஜமாகத்தான் கேட்கிறீர்களா?

நூற்கண்டு | வெள்ளி, மதியம் 12.25

நிஜமாகத்தான். தனிமடலில் எண் அனுப்புகிறேன். சதுரங்களை வரிசை வரிசையாக நூலில் கோத்து, முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று சீட்டுப் போட்டுக் கொண்டுவாருங்கள். தைப்பதற்கு முன் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் பாவாடைகளை நான் தனியாக வெட்டவோ சேர்க்கவோ மாட்டேன்.

தாழம்பூ | வெள்ளி, மதியம் 12.40

ஞாயிறு வருகிறேன். ஃபால்ஸ் துணியை மட்டும் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, இஸ்திரி போட்டு வையுங்கள். நனைக்காமல் அடித்தால் முதல் துவைப்பிலேயே சுருங்கி, கீழ் ஓரம் இழுத்துக்கொள்ளும்.